கயிற்றை அறுத்தவன்

தம்பி: நீ கிளம்புக்கா. சொன்னா கேளு.

அக்கா: வந்து உட்காரவே இல்லை, அதுக்குள்ள விரட்டறே. நகரு கொஞ்சம். பெஞ்சை உன் பேருக்கு எழுதியா குடுத்திருக்காங்க?

தம்பி: விளையாடாதே. விசாரணைக் கமிட்டிக்கு உன்கிட்ட என்ன கேட்கணுமாம்? புருஷனைப் பறிகொடுத்தவளைக் கூப்பிட்டு இப்படி வராந்தாவுல உட்கார வைக்கறதா?

அக்கா: மெதுவா பேசு. கதவு திறந்திருக்கு.

தம்பி: திறந்திருக்கட்டும். நான் போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட...

அக்கா: உட்காருடா. பொண்டாட்டின்னு யாரும் கூப்பிடலை. ஆய்வுக்கூடத்திலேர்ந்து ஒருத்தர் வரணும்னு கேட்டாங்க. மிஸைலுக்கு இலக்கைத் தேடற கண்ணு செய்யற பிரிவை நான்தானே பார்க்கறேன்.

தம்பி: அதுக்கு... வேற ஆளே இல்லையா?

அக்கா: இருக்காங்க. நான்தான் போறேன்னு சொன்னேன்.

தம்பி: ஏன்?

அக்கா: இங்க வந்தா நீ இருப்பேன்னு தெரியும். வேற எங்க உன்னைப் பிடிக்க முடியுது? போன் பண்ணினா எடுக்கறதில்லை. அவரைக் கொண்டு வந்த அன்னிக்கு கேட் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிட்டியாமே. எதிர்வீட்டம்மா பார்த்திருக்காங்க.

தம்பி: டூட்டிக்கா.

அக்கா: சண்டை நின்னாச்சு. இன்னும் என்ன டூட்டி? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா, மாமா ஏன் வரலைன்னு... என்னடா இது, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு. மெஸ்ல சோறு போடறாங்களா இல்லையா?

தம்பி: போடறாங்க. இறங்க மாட்டேங்குது.

அட்டெண்டர்: சார், உள்ள ரேடார் ஆபீசர் பேசிட்டிருக்காரு. அவர் முடிச்சதும் நீங்க. அப்புறம்தான் மேடம்.

அக்கா: நான் முதல்ல போகலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா?

அட்டெண்டர்: கேட்கறேன் மேடம். ஆனா வரிசையை மாத்தினா பெரியவருக்குப் பிடிக்காது.

தம்பி: கேட்க வேண்டாம்ணே. நானே போறேன்.

அக்கா: நீங்க கேளுங்க. அவன் அப்படித்தான் சொல்லுவான்.

தம்பி: அக்கா, நான் உள்ள பேசறப்ப நீ இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது. அவ்வளவுதான். காரணம் கேட்காதே.

அக்கா: அப்படி என்ன பேசப் போறே?

தம்பி: நடந்ததை.

அக்கா: என்ன நடந்துச்சு?

தம்பி: அதான் உனக்குத் தெரியுமே. எதிராளி விட்ட மிஸைல்... அத்தான் விமானத்து மேல பட்டுச்சு.

அக்கா: இதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?

தம்பி: போன்னா போயேன்க்கா.

அக்கா: இங்க பாரு. வர்றவங்க எல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போறாங்க. ஒருத்தரும் முழுசா ஒரு வார்த்தை சொல்லலை. நீ அன்னிக்கு விமானத்துல மேலதான் இருந்தே. நீயாவது சொல்லேன்.

தம்பி: கேட்டு என்னக்கா பண்ணப் போறே?

அக்கா: என்னமோ பண்றேன். சொல்லு.

தம்பி: ...ரெண்டு புள்ளி தெரிஞ்சுது. ஸ்கிரீன்ல. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டும் நம்ம பக்கம்தான் வருது. ரொம்ப தூரம். கண்ணால பார்க்கற பேச்சே இல்லை.

அக்கா: நம்ம விமானமான்னு கேள்வி அனுப்பினியா?

தம்பி: அனுப்பாம? ரெண்டு தடவை அனுப்பினேன். நம்மளுதா இருந்தா அதுல இருக்கற பெட்டி தானா பதில் குடுக்கணும். ரெண்டுமே வாயைத் திறக்கலை.

அக்கா: அவரோட பெட்டி முன்னாடியே அடிபட்டுப் போயிருந்துதாம்.

தம்பி: எனக்கு அது எப்படித் தெரியும்? அத்தான் வேற விமானத் தளம், நான் வேற தளம். அவர் எப்பக் கிளம்பினாரு, எங்க போனாரு, ஒண்ணும் தெரியாது. கீழ கன்ட்ரோல்ல கேட்டேன். நம்மாளு யாரும் அந்தப் பக்கம் இல்லை, நீ பார்த்துக்கோன்னாங்க. பார்த்துக்கோன்னா என்னன்னு உனக்குத் தெரியும்.

அக்கா: தெரியும்.

தம்பி: பின்னாடி வந்தவன் இன்னும் எட்டலை. முன்னாடி இருந்தது எட்டிச்சு. அதனால... அக்கா, போயிடேன். தயவுசெஞ்சு.

அக்கா: அதனால?

தம்பி: விட்டேன். முன்னாடி இருந்த புள்ளி மேல. நான்தான் விட்டேன். எதிராளி இல்லை. என்னை அடிச்சுடுக்கா. செருப்பைக் கழட்டி அடி, யார் பார்த்தாலும் பரவாயில்லை.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்புறமா? நான் என்ன சொல்றேன்னு காதுல விழுந்துதா உனக்கு?

அக்கா: விழுந்துது. எனக்கு முன்னாடியே தெரியும்டா.

தம்பி: என்ன தெரியும்?

அக்கா: நீதான்னு. உன் விமானத்துல இருந்து கழட்டின ரெக்கார்டர் எங்க பிரிவுக்குத்தான் வந்துது, புது மிஸைல் எப்படி வேலை செஞ்சுதுன்னு பார்க்கச் சொல்லி. எந்த விமானம், எந்த நேரம்னு பார்த்ததும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது மேஜைல இருக்கற பொண்ணு, டீச்சரம்மா மாதிரி என்னை உட்கார வச்சுத் தண்ணி குடுத்தா.

தம்பி: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் மெஸ் சோத்தைப் பத்தி விசாரிச்சே?

அக்கா: வேற என்ன விசாரிக்க? நீ என் தம்பிடா. அது மாறவா போகுது?

தம்பி: இப்படிப் பேசாதேக்கா. திட்டினாத் தாங்கிப்பேன்.

அக்கா: அழாதே. அவர் வர்றாரு பாரு, முகத்தைத் துடை.

அட்டெண்டர்: மேடம், பெரியவர் யோசிச்சுச் சொல்றேன்னாரு. சாருக்கு உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டு வரவா?

அக்கா: வேண்டாம், அவனுக்கு ஜலதோஷம். நீங்க போங்க... ம், சொல்லு. ரெக்கார்டர்ல நீ சிக்னல் கயித்தை அறுத்தது வரைக்கும்தான் இருக்கு. பேச்சு இல்லை. ரேடியோல யாராவது பேசினாங்களா?

தம்பி: பேசினாரு.

அக்கா: யாரு... அவரா?

தம்பி: அத்தான்தான். எங்க லைன்ல திடீர்னு வந்தாரு. "எவன்டா என்னைக் குறி வச்சிருக்கறது, நான் நம்மாளுடா"ன்னு. குரலைக் கேட்டதும் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. "அத்தான், நான்தான்"னு கத்தினேன். கத்திக்கிட்டே கயித்தை அறுத்துட்டேன். யோசிக்கவே இல்லை. பழைய மிஸைல்ல பழகின கைதானே. மிஸைலை நாமதான் விமானத்துல இருந்து வழி சொல்லிக் கூட்டிட்டுப் போவோம். கயித்தை அறுத்தா, வழி தெரியாம அதுவே வெடிச்சுச் செத்துடும். தப்பா விட்டுட்டா உடனே அறுத்துடுன்னுதானே முதல் நாள்லேர்ந்து தலையில அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க.

அக்கா: அறுத்ததை அவர்கிட்ட சொன்னியா?

தம்பி: சொன்னேன். "அறுத்துட்டேன் அத்தான், ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க"ன்னு.

அக்கா: அதுக்கு என்ன சொன்னாரு? ஒரு எழுத்து விடாம சொல்லு. இதைக் கேட்கத்தான்டா வந்தேன்.

தம்பி: கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி மாப்ள"ன்னாரு. "நல்ல வேலை பண்ணினே. பின்னாடி என்னைத் துரத்திட்டு வர்ற எதிராளி உன்னைப் பார்த்துடுவான், நீ திரும்பி வீட்டுக்குப் போ"ன்னாரு.

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான்.

அக்கா: திட்டலை?

தம்பி: ஒரு வார்த்தை இல்லை. எப்பவும் போலத்தான் பேசினாரு. சீட்டாட்டத்துல தோத்துட்டுச் சிரிப்பாரே, அந்த மாதிரி லேசாச் சிரிச்ச மாதிரிகூட இருந்துது. நான் திரும்பிட்டேன். திரும்பினப்புறம் ஸ்கிரீனைப் பார்த்தா... ஒரு புள்ளிதான் இருந்துது. என்னக்கா?

அக்கா: ஒண்ணுமில்லை. கொஞ்சம் சும்மா இரு.

தம்பி: ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லைக்கா. படுத்தா, எழுந்தா அதே நினைப்பு. அறுத்தா அது செத்திருக்கணுமே. ஏன் சாகலை? நான் சரியா அறுக்கலையா?

அக்கா: சரியாத்தான் அறுத்தே.

தம்பி: பின்ன?

அக்கா: புதுசு சாகாது. அறுத்ததும் தன் கண்ணைத் தானே திறந்துக்கும். எதிர்ல எது இருக்கோ அதைத் தேடிப் பிடிச்சுக்கிட்டுப் போகும். அதுக்கப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது.

தம்பி: யாரு சொன்னது?

அக்கா: நான் சொல்றேன். அப்படி மாத்தினவளே நான்தான்.

தம்பி: எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே. தூரம் அதிகம், வேகம் அதிகம், மத்தபடி பழசு மாதிரிதான்னு சொல்லித்தானே மிஸைல் பெட்டியை இறக்கினாங்க.

அக்கா: யாரு சொல்லுவா? எங்க ஆளுங்க வந்து உங்களுக்கு ஒரு வாரம் பாடம் எடுக்கறதா இருந்துது. அப்புறம்தான் மிஸைல் வரணும். நடுவுல சண்டை வந்துடுச்சு. பாடமெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்னு பெட்டிகளை ஏத்தி அனுப்பிட்டாங்க. நான் தடுத்தேன், கத்தினேன், யாரும் காதுல போட்டுக்கலை. சரி, அனுபவப்பட்ட பசங்கதானே, கையேட்டைப் படிச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்.

தம்பி: கையேடே வரலைக்கா.

அக்கா: அது தெரியும் இப்ப. உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். புதுசுல அறுத்துடாதேடான்னு ஒரே ஒரு வார்த்தை. போனைக் கையில எடுத்துட்டு வச்சுட்டேன். வீட்டு ஆளுங்ககிட்ட வேலைப் பேச்சு பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான். அதை மீறி உன்கிட்ட பேசி, ரகசியத்தை வெளிய விட்டுட்டேன்னு நாளைக்கு யாராவது கேட்டா என்ன பண்றதுன்னு... என் வேலையைக் காப்பாத்திக்கிட்டேன்டா. நல்லாக் காப்பாத்திக்கிட்டேன்.

தம்பி: அறுக்காம இருந்திருந்தா?

அக்கா: அதை இப்பக் கேட்காதே.

தம்பி: சொல்லுக்கா. கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வேற பக்கம் திருப்பியிருந்தா?

அக்கா: ...திரும்பியிருக்கும். வெறும் வானத்துல போய் விழுந்திருக்கும்.

தம்பி: நேரம் இருந்துதா?

அக்கா: நிறைய இருந்துது.

தம்பி: கடவுளே...

அக்கா: தெரிஞ்சிருந்தா நீ செஞ்சிருப்பே. தெரியாதது உன் தப்பில்லை. உள்ள போய் அதைத்தான் நான் சொல்லப் போறேன். நீ பாட்டுக்கு எல்லாம் என் தலையில போடுங்கன்னு போய் நிக்காதே. நீ அப்படித்தான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் முன்னாடி போகணும்னு கேட்டேன்.

தம்பி: உன் வேலை போயிடும்.

அக்கா: போகட்டும். அதை வச்சுக்கிட்டு நான் என்ன கிழிச்சேன்? முதல் சோதனையில அது தானாக் கண்ணைத் திறந்து, இலக்கைத் தேடிப் பிடிச்சப்ப, நாங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பெத்த பிள்ளை முதல் அடி எடுத்து வச்ச மாதிரி.

தம்பி: அத்தான் இல்லாத வீட்டுக்கு நான் எந்த முகத்தோட வருவேன்?

அக்கா: இருக்கற முகத்தோட வா. நீயும் வரலைன்னா பாப்பாவுக்கும் எனக்கும் வேற யாரு இருக்கா?

அட்டெண்டர்: மேடம், முதல்ல உங்களையே வரச் சொல்லிட்டாங்க. காத்துக்கிட்டு இருக்காங்க.

அக்கா: வர்றேன். ஒரு நிமிஷம்.

தம்பி: அக்கா... எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம் இருக்கு. நான் அறுத்துட்டேன்னு சொன்னதும் அத்தான், அப்பாடா தப்பிச்சோம்னு நினைச்சிருப்பாரு. பயமில்லாமத்தான் போயிருப்பாரு. இல்லையா? ஆமான்னு சொல்லேன்.

அக்கா: சொல்லிட்டுப் போகலாம்தான். ஆனா உள்ள கேட்பாங்கடா, இப்படி மாத்தணும்னு முதல்ல கேட்டது யாருன்னு. அது அடுத்தவன் வாயால உன் காதுல விழக் கூடாது.

தம்பி: யாரு கேட்டது?

அக்கா: உங்க அத்தான்தான். மிஸைலை விட்டுட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறப்பதான் நம்ம பசங்க அடிபடறாங்க, அறுத்துட்டு வீட்டுக்கு ஓடி வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுன்னு ஆய்வுக்கூடத்துக்கே வந்து என் உயிரை வாங்கினாரு. அறுத்தா அது நிக்காதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும்டா. தெரிஞ்சுதான் உன்கிட்ட சரி மாப்ளன்னு சொல்லியிருக்காரு.