இடக்கைக்காரியின் கத்தி

"ஹலோ... ஆங், நாந்தான். காலையிலேர்ந்து உனக்கு வேற யாரு போன் போட்டுகினு கெடப்பாங்க... இல்ல, மொதல்ல ஆட்டோவ ஓரமா நிறுத்து. நான் பேசறத கேட்டுட்டு பிரேக் எங்க இருக்குதுன்னு தேடப் போற... நிறுத்திட்டியா? சரி. என் பையில இருந்த கத்தி எங்க?"

தமிழ்செல்வியின் இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்து ஒயர் காதுக்கு ஏறியிருந்தது. கை இரண்டும் வேலையில் இருந்தன. வலது கையில் பென்சில் கனத்தில் ஒரு மாங்குச்சி, இடது கையில் நர்சரிக்காரர் கொடுத்த பழைய மரப்பிடிக் கத்தி. ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கும் அந்த நர்சரியில், பச்சை வலைப் பந்தலின் கீழ், அவளுக்கு எதிரே மதீனா பீவி பிளாஸ்டிக் நாடாக்களைக் கிழித்துத் தொடையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். தமிழ்செல்வி குச்சியைச் சீவி நாற்றின் பிளவில் ஒட்டு வைத்துக் கொடுத்தால் அதைக் கட்டுவது அவள் வேலை. கட்டுவதற்கு இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

"உன் கையிலதான் இருக்குதா? அப்பாடா. நான் இன்னாவோ கழுகு தூக்கிகினு போச்சுன்னு நெனச்சேன்... ஆங்... ஆங்... எனக்கோசரமா? எனக்கோசரம் எடுத்துகினு போனியா? சொல்லு பாவா, சொல்லு. கேக்கவே நல்லா இருக்குது."

கட்டிய கணவனை அவள் பாவா என்று கூப்பிட்டால் கோபம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக 'யோவ்'தான். பத்து வருஷமாகத் திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் கஜபதிக்கு இது தெரியும். தெரிந்தும் அவன் பேசிக்கொண்டே போனான்.

அவள் குச்சியை ஒரு பக்கம் சாய்வாகச் சீவினாள். கத்தி உள்ளே இறங்கிக் குழி பறித்தது. வானத்துக்கு எதிரே, பிளந்த நாற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் வெளிச்சம் கீற்றாய்த் தெரிந்தது. வெளிச்சம் தெரிந்தால் ஒட்டு பிடிக்காது. குச்சியைக் காலுக்கடியில் போட்டாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து கிடந்தன.

கிடந்தவை சாதாரணக் குச்சிகள் அல்ல. சாலை ஓரத்தில் ஒரு தனி மாமரம் இருந்தது. யாரும் நட்டதல்ல. எல்லா மரமும் காய்த்து ஓய்ந்தபின், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவர்கள் நடக்கும் நாளில்தான் அது பழம் தரும். தமிழ்செல்வி மூன்று ஆடியாக அதைத் தின்று பார்த்து, புளிப்பே இல்லை, நாரே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவந்தாள். முந்தாநாள் சாலையை அகலப்படுத்துகிறவர்கள் அதைச் சாய்த்துவிட்டார்கள். அவள் ஜேசிபிக்காரனிடம் சண்டை போட்டு, விழுந்த கிளையில் நுனிக் குச்சிகளை மட்டும் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தாள். நர்சரிக்காரர் ஒரு மூலையில் நாற்றுகளைக் காட்டி, இந்த வரிசை உன்னுடையது, பிடித்தால் உன் மரம் என்று சொல்லிவிட்டார். கத்தி பிடிக்கத் தெரிந்த மற்ற இருவரும் சித்தூர் பக்கம் ஒரு தோப்புக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் வருவார்கள். குச்சி இன்றைக்குத் தாண்டாது. நேற்று ஈரமாய் இருந்த மொட்டுகள் இப்போதே சுருங்கத் தொடங்கியிருந்தன.

"இரு இரு. திரும்பச் சொல்லு. போன வாரம் நீ அத்த எடுத்து இன்னா பண்ண?... ஹாரன் ஒயர நெம்பினியா. சரி. நெம்பினா?... மடங்கி உன் வெரல்ல விழுந்துச்சா. ஐயையோ. மடக்குக் கத்தி மடங்கிடுச்சா? இத்த பேப்பர்ல போடணும்யா... ஆங்... லாக்கு இல்லையா? மெய்யாலுமா?"

மதீனா பீவி சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவன் வெளிநாட்டுல உக்காந்துகினு பாட்டன் காலத்துலேர்ந்து கத்தி செய்யறான். லாக்கு வைக்க மறந்தே போயிட்டான். திருத்தணி பைபாஸ்ல ஆட்டோ ஓட்டற கஜபதிதான் கண்டுபிடிச்சான். ஒரு லெட்டர் போடு அவனுக்கு. சால்வ போட்டு இட்டுகினு போவான்... இல்ல, நான் கிண்டல் பண்ணல. பெருமையா இருக்குதுன்றேன்."

அந்தக் கத்திக்காக அவள் ஒரு சீட்டுப் பணத்தை முழுதாய் எடுத்திருந்தாள். போனில் படம் பார்த்து வரவழைத்தது. நகத்தால் இழுத்தால் எழும். பாதியில் ஒருமுறை நிற்கும். அப்புறம் 'டக்' என்று நிமிரும். உள்ளே ஒரு பட்டை ஸ்பிரிங் மட்டும் அதைத் தாங்கும். பூட்டு கிடையாது. வேண்டியதும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் திறந்து மூடுகிற கத்தி அது. பூட்டு இருந்தால் மாம்பால் அதற்குள் இறங்கிக் கெட்டியாகி, மறுநாள் காலையில் பல்லால்தான் திறக்க வேண்டும்.

வந்த கத்தி வலதுகைக்காரர்களுக்கானது. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாய்வு இருக்கும். மறுபக்கம் கண்ணாடி மாதிரித் தட்டை. தட்டையான பக்கம் குச்சியைத் தொட்டால்தான் சீவல் சமமாய் வரும். தமிழ்செல்வி இடக்கைக்காரி. அவள் அதை அரக்கோணத்துக்கு எடுத்துப்போய், சாணை பிடிக்கும் ஜுபைரிடம் கொடுத்து, சாய்வைத் தட்டையாக்கி, தட்டையைச் சாய்வாக்கி வாங்கினாள். நகம் வைக்கும் பள்ளத்தையும் மறுபக்கம் வெட்டச் சொன்னாள். பிடி மட்டும் கையில் வழுக்கியது. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் அவள் அக்கா, நூலைச் சுமந்து ஓடித் தேய்ந்துபோன ஒரு நாடாக் கட்டையைத் தூக்கி எறியப் பார்த்தாள். அந்த மரத்தை அறுத்து இரண்டு பக்கமும் வைத்து ஆணி அடித்தபின், கத்தி அவள் கையில் ஆறாவது விரல் மாதிரி உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவள் வைத்த ஒட்டு தவறியதில்லை.

"சரி, லாக்கு இல்ல. வெரல்ல ரத்தம். அப்பறம்?... பட்டறைக்கா? எந்தப் பட்டறைக்கு?... யோவ், இரும்பு கேட்டு வெல்டு பண்றவன்யா அவன்... ஆங்... ஆங்... ஒரே ஒரு பொட்டு. நிமிந்த வாக்குல நிக்கவச்சு, திருகாணி மேல ஒரே ஒரு பொட்டு வச்சான். குங்குமமும் வச்சு சூடம் காட்டியிருக்கலாமே?"

அவள் கையில் இருந்த அடுத்த குச்சியும் குழி விழுந்து கீழே போனது. உட்கார்ந்திருந்த செங்கல்லின்மேல் இடுப்பைச் சரிசெய்துகொண்டாள். கோபத்தில் உடம்பு பக்கவாட்டில் போயிருந்தது.

"இனிமே மடங்கவே மடங்காது, அதான? சூப்பர். மடக்குக் கத்தியோட வியாதியே மடங்கறதுதான், நீ குணமாக்கிட்ட... இல்ல, கேக்கறேன், இப்ப அத்த எங்க வச்சுகினு இருக்க?... பாக்கெட்லயா? திறந்த கத்தியவா? உக்காந்துடாத. சொல்லிட்டேன். சவாரி ஏறினா நின்னுகினே ஓட்டு."

அவன் அங்கே சிரித்திருக்க வேண்டும். அவளுக்கும் வாயோரத்தில் லேசாக இழுத்தது. பொட்டுதானே, ஜுபைரிடம் கொடுத்தால் ராவி எடுத்துவிடுவான். மத்தியானத்துக்குள் கத்தி கைக்கு வந்தால் பாதிக் குச்சியையாவது காப்பாற்றலாம். மனசு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, கஜபதி பாராட்டு வாங்கிய குழந்தை மாதிரி இன்னொன்றையும் சொல்ல ஆரம்பித்தான்.

"இன்னும் இன்னா?... பரவால்ல, சொல்லு. காசு கேக்காமயே பண்ணிக் குடுத்தானா? நல்ல மனுசன்... ஆங்... ஒரு பக்கம் மொண்ணையா இருந்துச்சா."

அவள் கை நின்றது.

"எந்தப் பக்கம்?... இல்ல. எந்தப் பக்கம்னு கேக்கறேன்... ரெண்டு பக்கமும் சமமா? மிஷின்ல வச்சா?... நெருப்பு பறந்துச்சா."

காதுக்குள் கஜபதி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மதீனா பீவி முந்தானையை வாயிலிருந்து எடுத்து, என்ன என்று புருவத்தால் கேட்டாள். தமிழ்செல்வி கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

வெல்டிங் பொட்டை ராவலாம். தட்டைப் பக்கம் போனால் போனதுதான். அதுவும் நெருப்பு பறக்கப் பிடித்திருந்தால் இரும்பின் விறைப்பே போயிருக்கும். இனி அந்தக் கத்தி வெங்காயம் நறுக்கும். ஒட்டுக் கட்டாது.

"இருக்கேன். இங்கதான் இருக்கேன்... இல்ல, அழுவல. நான் எதுக்கு அழுவறேன். உன்ன மாதிரி ஒரு இன்ஜினியரு வீட்டுல இருக்கும்போது... சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன்யா? உன்ன யாரு கேட்டா?"

பதில் நீளமாக வந்தது. முதலில் அவள் நடுவில் வெட்டப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"...ஆங்... ஞாபகம் இருக்குது... ஆமா, உன் காக்கிச் சட்டைதான். அத்தத்தான் சுத்தினே... ஆங்."

அவளுடைய வலது கைக் கட்டைவிரலின் அடியில் ஒரு தழும்பு இருக்கிறது. சீட்டு எடுப்பதற்கு முன்னால், அவளும் நர்சரியின் வலதுகைக் கத்தியோடுதான் மல்லுக்கட்டினாள். இடக்கையால் அந்தக் கத்தியைச் சரியாய் வேலை வாங்க ஒரே வழிதான் உண்டு. எல்லோரும் கூர்ப்பக்கத்தை வெளியே தள்ளிச் சீவும்போது, அவள் கூர்ப்பக்கத்தைத் தன் நெஞ்சை நோக்கித் திருப்பி உள்ளே இழுத்துச் சீவ வேண்டும். அப்படித் திருப்பினால் தட்டைப் பக்கம் குச்சியைத் தொடும். ஒட்டும் பிடிக்கும். ஒரு மழைக்காலத்தில் குச்சி வழுக்கி, கத்தி எலும்பு வரை போனது. கஜபதி சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றி, ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். வழியெல்லாம் அவள்தான் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு போனாள். கத்தி மடங்கித் தன் விரலில் விழுந்தபோது அவன் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சட்டைதான். மடங்காமல் செய்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டான். வெட்டிய கத்தி வேறு, வெட்டாமல் காத்த கத்தி வேறு என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை.

"புரியுதுய்யா... நல்லதுக்குத்தான். தெரியுது... இல்ல, திட்டல. திட்டினா தட்டை வருமா?"

சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். இருந்தவற்றில் நல்ல மொட்டு உள்ளவை கொஞ்சம்தான். சவரப் பிளேடு வைத்துச் சீவினால் இந்தக் கனத்துக்கு வளைந்துவிடும். சித்தூருக்குப் போனவர்கள் வரும்போது இவை அடுப்புக்குத்தான் ஆகும். மரம் நின்ற இடத்தில் இப்போது ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

தமிழ்செல்வி முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கினாள். நர்சரிக் கத்தியை இடது உள்ளங்கையில் ஒருமுறை உருட்டி, கூர்ப்பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பினாள். மதீனா பீவி, வேண்டாம்டி என்றாள். தமிழ்செல்வி குச்சியை மார்புக்கு நேரே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்நோக்கி இழுத்தாள். சீவல் சுருண்டு மடியில் விழுந்தது. குச்சியைத் திருப்பி மறுபக்கமும் இழுத்தாள். நாற்றின் பிளவில் செருகி வானத்துக்கு எதிரே பிடித்தாள்.

வெளிச்சம் தெரியவில்லை.

மதீனா பீவி அதை வாங்கி, நாடாவை இழுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஹலோ... ஆங், லைன்லதான் இருக்கேன். வேலையா இருக்கேன், அதான்... கத்தி கெடைச்சிடுச்சு. நர்சரிது... ஆமா, அதே பழசுதான்... மடங்காதுய்யா இது. நீ கவலப்படாத. உனக்குப் பிடிச்ச மாதிரி, மடங்கவே மடங்காது."

அடுத்த குச்சியை எடுத்தாள். கட்டைவிரல் தழும்புக்கு மேலே இரும்பின் குளிர்ச்சி பட்டது.

"வரியா? வா. சவாரிய எறக்கி விட்டுட்டு நேரா வா... உன் கத்தியா? அத்தயும் எடுத்துகினு வா, கீரை ஆய்வோம்... அப்பறம், வர வழியில மருந்துக் கடையில நிறுத்தி பஞ்சும் கட்டுத் துணியும் வாங்கிகினு வா... உனக்கில்ல, எனக்கு... இன்னும் ஒண்ணும் ஆவலய்யா. கத்திய இப்பத்தான் என் பக்கம் திருப்பியிருக்கேன். காக்கிச் சட்டை போட்டுகினுதான இருக்க? சரி. போன வை, எனக்கு ரெண்டு கையும் வேணும்."

பேச்சு முடிந்ததா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காதிலிருந்து ஒயரைத் தோளால் தட்டிவிட்டாள். அது இடுப்பில் தொங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் ஹலோ ஹலோ என்றது.