அடுப்படிச் செருப்பு

தினமும் கேக் செய்கிற வீட்டுக்குக் கையில் பிடிக்கிற மிக்ஸர் சரிப்படாது, இன்ஸ்பெக்டரம்மா. தோள்பட்டை விட்டுப்போகும். என் மருமகள் சிவசக்தி ஆசைப்பட்டது அதைத்தான். பிளாஸ்டிக், எடையே இருக்காது. மேடையில் நிற்க வைத்து ஓட்டுகிற இரும்பு மிக்ஸர்தான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கிண்ணம் பெரியது, மோட்டார் லேசில் சூடாகாது. அந்த விஷயத்தில் நான் சொன்னது சரி. கடையில் நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

கடைக்காரர் துரைப்பாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மிக்ஸர் பாடி இரும்புல்லா பெரியம்மா. வீட்டுல எர்த் இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன்.

கிடையாது. எங்கள் அடுப்படியில் கிரைண்டரைத் தொட்டாலே சுருக்கென்று இழுக்கும். அதற்காகவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு அங்கே கிடக்கும். அதை மாட்டிக்கொண்டுதான் மாவாட்டுவோம். கொஞ்ச நாளில் மிக்ஸரும் இழுக்க ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்றான் மகன் மருதப்பன். "நான் சொல்லுதேன்" என்றேன். சொல்லவில்லை.

சிவசக்தியை எனக்குப் பிடிக்கும். எனக்கு ஆகாது என்று முட்டையைப் பின்வாசலில் வைத்துத்தான் உடைப்பாள். ஆனால் அவள் கேக் நன்றாகப் போனது. திருநெல்வேலியில் கடை பார்த்துவிட்டார்கள். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் குடிபோவதாகப் பேச்சு. "நீங்களும் வாங்க அத்தே" என்று அவள்தான் கூப்பிட்டாள். மருதப்பன் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

தபசு அன்று காலையில் அடுப்படியைக் கழுவிவிட்டேன். செருப்பை எடுத்து வாசலில் போட்டேன். ஆர்டர் கேக் செய்ய வந்தவள் தேடினாள்.

"அத்தே, செருப்ப எங்க?"

"தபசு அன்னைக்கு அடுப்படிக்குள்ள செருப்பு என்னட்டி?"

"சரி அத்தே" என்று உள்ளே போனாள். எதிர்த்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

தரை காயவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு மிக்ஸர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். கையிலிருந்த சரத்தை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு எழுந்தேன்.

மருதப்பன் இப்போது எங்கும் போவதில்லை. நான் வைத்த சோற்றைத் தொடுவதில்லை, என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. இருந்தாலும் வீட்டில்தான் இருக்கிறான்.

மிக்ஸரை நிறுத்தப் போன உங்களுக்கு மட்டும் எப்படி ஷாக் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். வாசலுக்குப் போய் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துதான் நிறுத்தினேன். நல்ல நாளும் அதுவுமாக அடுப்படிக்குள் செருப்போடு போனது தப்புத்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.