தோத்தவன் கொண்டுபோற பந்து

இல்லை அண்ணை, அந்தக் கடிதத்தை முதல்ல பொக்கற்றுக்க வையுங்கோ. மல்லாவியில இருந்து இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்தது எங்கட கழகத்தை உதைபந்துப் போட்டியில இருந்து வெட்டத்தான் எண்டு தெரியும். செயலாளர் நீங்கள், வெட்டுங்கோ. அதுக்கு முதல் இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடியுங்கோ.

என்ர முழங்கால் காயமோ? அதைப் பிறகு சொல்லுறன்.

ஓம், ஏழு சனிக்கிழமை, ஏழு மட்ச், ஏழும் தோல்விதான். கோலுக்க நிண்டது நானெல்லோ, எனக்கு வெக்கம் இல்லையே? கடைப்பக்கம் போனால் ஓட்டை வாளி வருகுது எண்டுறாங்கள். மனுசி பேச்சியம்மா சோத்துக் கோப்பையை நீட்டேக்க, இதையாவது ஒழுங்காப் பிடியுங்கோ எண்டுதான் தாறா.

காரணமோ? முதல் மட்சில வெய்யில் கண்ணுக்க குத்தினது. என்ன, அண்டைக்கு மழையோ? சரி, அப்ப மழை. ரண்டாவதில சுதாகரன் எங்கட கோலுக்கையே அடிச்சுப்போட்டான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினது தெரியாதாம். மூண்டாவதில வினோதன் அடிச்ச பெனால்டி கச்சான் தோட்டத்துக்க விழுந்தது. தேடப்போன நாலுபேரும் கச்சான் கடலை பிடுங்கித் திண்டுகொண்டு நிண்டிட்டாங்கள்.

ஐயோ, எழும்பாதேங்கோ அண்ணை. உள்ளதைச் சொல்லுறன்.

ஆமி மறிக்கிறதால வவுனியாவுக்கு இஞ்சால சீனியும் வராது, பந்தும் வராது. எட்டுக் கழகத்துக்கும் ஒரே ஒரு பந்து. நீங்கள்தானே சட்டம் போட்டியள்? அண்டைக்குக் கனக்கக் கோல் வாங்கின கழகத்துக்குத்தான் பழக்கம் காணாது, அவை பந்தைக் கொண்டுபோய், சைக்கிள் ரியூப் வெட்டி ஓட்டையை ஒட்டி, அடுத்த சனிக்கிழமை கொண்டுவரட்டும் எண்டு. அருமையான சட்டம். ஆனா ஒண்டு ரண்டால தோத்தாக் காணாதே. முக்கி முக்கித் தோக்க வேணும். வாற பந்துக்கு வழிவிட்டு விழுகிறது லேசான வேலையெண்டே நினைக்கிறியள்?

நாங்கள் பழகவோ? நல்ல கதை. சனிக்கிழமை தவிர நாங்கள் அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை. கிழமை முழுக்க வச்சிருந்தது பெட்டையள். என்ர மகள் விமலேஸ்வரியும் அவளின்ர கூட்டாளியளும். போன வருசம் தங்களையும் போட்டியில சேர்க்கச் சொல்லி உங்களிட்டக் கடிதம் தந்தவளவை, ஞாபகம் இருக்கோ? பெடியளுக்கே பந்து இல்லை, உங்களுக்கு எங்கால எண்டு சொல்லித் திருப்பி விட்டியள். அண்டைக்குப் பிள்ளை சாப்பிடேல்லை அண்ணை. துணியைச் சுத்திப் பந்தெண்டு உதைச்சுக்கொண்டு திரிஞ்சவளைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிஞ்சு போச்சுது. கழகப் பெடியளோட கதைச்சன். சனம் சிரிச்சாச் சிரிக்கட்டும் எண்டிட்டாங்கள்.

நீங்களும் சிரிக்கிறியளோ? சிரியுங்கோ. பேனை இருக்கெல்லோ, எங்கட பேரை வெட்டுங்கோ. வெட்டின இடத்தில அவளவையின்ர பேரை எழுதுங்கோ.

பாவம் பார்த்துக் கேக்கிறன் எண்டு நினையாதேங்கோ. நேற்றுப் பின்னேரம் குளக்கட்டுக்குக் கீழ எங்களோட விளையாடினவளவை. நான் ஒண்டையும் வேணுமெண்டு விடேல்லை, சத்தியமா. பாய்ஞ்சு பாய்ஞ்சு விழுந்துதான் இந்த முழங்கால் இப்பிடிக் கிடக்குது.

மூண்டு சைபர். மூண்டும் என்ர மகள் அடிச்சது.