மூன்று பூச்சு மெழுகு

சமையல் எண்ணெயை உளியில் தடவி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும் சார். நல்லது செய்வதாகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். ஒரே மாதத்தில் அது பிசினாக இறுகிவிடும். அதில் மரத்தூள் ஒட்டும், தூள் ஈரத்தை இழுக்கும், பிறகு துரு வர எவ்வளவு நேரம்? தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பழைய பனியன் துணியில் விட்டு, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும்.

இழைப்பு மெஷினுக்கு எண்ணெயே ஆகாது. மரத்தில் கறை ஏறும், வார்னிஷ் பிடிக்காது. அதற்கு மெழுகுதான். நீங்கள் அந்த மெஷினைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வார்ப்பிரும்பு மேசைகள், நடுவில் ஒரு இடைவெளி, அதில் கத்திகள் பொருத்திய உருளை சுழலும். கட்டையை மேசைமேல் வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் சமமாக இழைந்து வரும். மேசையில் மெழுகு தேய்த்து, காயவிட்டு, பளபளக்கத் துடைத்துவிட்டால் கட்டை ஒற்றை விரலுக்கு ஓடும். மெழுகு இல்லாவிட்டால் ஆளே சாய்ந்து தள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பட்டறைப் பாலிஷ்காரர் மேசையில் மெழுகைச் சிந்தியதால்தான் அண்ணனுக்கு விபத்து என்று நீங்கள் விசாரணை ரிப்போர்ட்டில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அவர் அந்த மெஷின் பக்கமே வரமாட்டார். என்னை 'மெழுகக்கா' என்று கூப்பிடுவார். "மெழுகக்கா ஒரு நாள் லீவு போட்டா இரும்பெல்லாம் அழும்" என்பார். நல்ல மனிதர். செய்யாத தப்பை அவர் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதினெட்டு வருடமாக அது என் வேலை. பட்டறை அண்ணனுடையது. உளி, ரம்பம், மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நான். அண்ணனுக்கு உள்ளங்கை வியர்க்கும். மேசையில் கையூன்றி யாரோடாவது பேசினால், மறுநாள் காலையில் ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டே தேய்த்து எடுப்பேன். அவரும் சிரிப்பார். "என் தங்கச்சிய மாதிரி ஒருத்திய எந்தப் பட்டறையிலும் பார்க்க முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு அது பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

பதினோரு வருடம் முன்பு ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். மெத்தை தைக்கிறவர். நாங்கள் செய்யும் நாற்காலிச் சட்டங்களை எடுத்துப்போய்ப் பஞ்சும் துணியும் வைத்துத் தைப்பார். வரும்போதெல்லாம் மிச்சமான பருத்தித் துணியை மடித்துக் கொண்டுவந்து, "மெஷின் துடைக்க" என்று என் பக்கம் பார்க்காமலே நீட்டுவார். இரும்பு துடைக்கிற துணியை யாராவது இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார்களா சார்? அவர் போட்டுக் கொண்டுவருவார். எனக்கு இருபத்தொன்பது வயது. புரியாமல் இருக்குமா?

பிறகு அவர் வரவில்லை. நானாகப் போய் அண்ணனிடம் கேட்டேன்.

"அவனுக்கு வேற இடத்துல நிச்சயம் ஆயிடுச்சாம். ஊரை விட்டே போயிட்டான். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றார். என் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் மெஷினுக்கு மெழுகு போட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அண்ணியும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"மெத்தைக்காரர் திரும்பி வந்துட்டார், தெரியுமா?" என்றாள் அண்ணி. "ரெண்டு தெரு தள்ளிக் கடை போட்டிருக்கார். பாவம், இன்னும் கல்யாணமே பண்ணிக்கல. நீதான் வேணாம்னுட்டியே."

"நான் எப்ப அண்ணி வேணாம்னேன்?"

அவள் கை நின்றுவிட்டது. "அவர் வந்து கேட்டப்ப... உனக்குப் பிடிக்கலைன்னு உங்கண்ணன் சொல்லி அனுப்பினாரே. உங்கிட்ட கேட்டுட்டுதான் சொன்னாருன்னு நினைச்சேன்." அப்புறம் சமாளிக்க நினைத்துச் சிரித்தாள். "அவளை அனுப்பிட்டா இந்த மெஷினெல்லாம் துருப்பிடிச்சு நாசமாயிடும்னு அப்ப விளையாட்டாச் சொல்லிட்டிருந்தார். நீ தப்பா எடுத்துக்காதம்மா."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அன்று சாப்பிடும்போது, "மெத்தைக்காரர் அப்ப ஏன்ணா வர்றத நிறுத்தினார்?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கதை எதுக்கு இப்ப? அவனுக்கு நிச்சயம் ஆச்சுன்னு சொன்னேனே. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

ஊற்றினேன்.

மறுநாளிலிருந்து மேசைக்கு மெழுகு போடவில்லை. துரு வராமல் காய்ந்த துணியால் துடைத்தேன். மெழுகு மட்டும் இல்லை. பத்து நாளில் மரப்பிசின் படிந்து மேசை இழுக்க ஆரம்பித்தது.

"என்னடி, மேசை கட்டையை விடமாட்டேங்குது?" என்றார் அண்ணன்.

"மழைண்ணா. மரமெல்லாம் ஈரம்."

நம்பினார். சாய்ந்து தள்ளப் பழகினார். கைக்கு என்று ஒரு ஞாபகம் உண்டு சார். நேற்று எவ்வளவு பலம் கொடுத்ததோ அதையேதான் இன்றும் கொடுக்கும். நாற்பது நாளில் தோளும் உடம்பும் சேர்த்துத் தள்ளுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கை கத்திப் பக்கம் போகாமல் கட்டையைத் தள்ளத் தள்ளுகட்டை ஒன்று உண்டு, அதை அவர் தொடமாட்டார், வெறும் கைதான். கத்திக்கு மேலே இருக்க வேண்டிய மூடியையும் மெஷின் வந்த வாரமே கழற்றி எறிந்துவிட்டார், பார்வையை மறைக்கிறதாம். அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகு போட்டவர் துடைத்த துணியை மேசைமேலேயே விரித்து வைக்க வேண்டும். துணி கிடந்தால் வழுக்கும் என்று அர்த்தம். அதை எடுப்பவர் முதலில் ஒரு வேண்டாத கட்டையை இரண்டு மூன்று முறை ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்வார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

நாற்காலிக் கால்களுக்கான கட்டைகள் வரும் வரை காத்திருந்தேன். ஒரு சாண் நீளம்கூட இருக்காது, கை கத்திக்கு மிக அருகில் வரும். அன்று காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். பிசினை மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாக எடுத்தேன். மெழுகு தேய்த்தேன், காயவிட்டேன், துடைத்தேன். இரண்டாம் பூச்சு. மூன்றாம் பூச்சு. பதினெட்டு வருடத்தில் அவ்வளவு அழகாக நான் போட்டதில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து உளிகளுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தேன்.

அண்ணன் வந்தார். மேசையில் துணி இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இல்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. முதல் கட்டையை வைத்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளினார்.

இரண்டு விரல் போகும் என்றுதான் நினைத்தேன். இரண்டு போதும் என்று இருந்தது. நான்கும் போய்விட்டது. மற்றபடி எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது.

ரத்தத்தை நிறுத்தத் துணி கட்டியது நான். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தது நான். இப்போது அவருக்கு ஊட்டிவிடுவதும் தலைவாரிவிடுவதும் நான்தான். அண்ணிக்குக் காயத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது.

மூன்றாம் நாள் மெத்தைக்காரர் பார்க்க வந்தார். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வராந்தாவில் என்னிடம், "அப்ப உங்களுக்குப் பிடிக்கலைன்னு சொன்னாங்க. இப்பவும் அப்படித்தானான்னு கேட்கலாமா?" என்றார். காதோரம் நரைத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"என்னைக்கும் அப்படி இல்லீங்க" என்றேன். "ஆனா அண்ணன இந்த நிலைமையில விட்டுட்டு எப்படி வர்றது? அவருக்கு என்னை விட்டா யாரு?"

அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். உள்ளே வந்தால் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஊட்டினேன்.

பாலிஷ்காரர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள் சார். மேசைக்கு மெழுகு போட்டது நான், துணியை எடுத்து வைத்தது நான், அவர் கை போகும் என்று தெரிந்தே செய்தேன். ஆனால் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அண்ணன்மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால், அன்றைக்கு மெத்தைக்காரர் பின்னாலேயே நானும் படியிறங்கிப் போயிருக்கமாட்டேனா?