கட்டு முதலில், ஆள் பிறகு

நூலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். கோயிலில் மட்டும் மறுபேச்சில்லாமல் கழற்றுவார்கள். இன்று காலை என்னை விசாரணைக்கு அழைத்துவர வந்த உங்கள் காவலரும் பூட்ஸ் காலோடுதான் நூலகத்துக்குள் வந்தார்.

என் பெயர் ஹரிஹரசுப்பிரமணியன். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றோரம் இருக்கும் பொது நூலகத்தின் பொறுப்பாளன். மாடியில் ஆவண அறை; வெளிப்படிக்கட்டில் ஏறினால் அதன் ஜன்னலும் கதவும். நில அளவைகள், கால்வாய்த் தகராறுகள், பழைய அரசு உத்தரவுகள் எல்லாம் கட்டுக் கட்டாக அங்கேதான் இருக்கின்றன. காகிதத்துக்கு ஈரம் ஆகாது. அதனால் ஒரு விதி வைத்திருந்தேன்: கட்டை முதலில் ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும், கைகால் துடைத்த பிறகே ஆள் வரலாம். துப்புரவுப் பணியாளர் சுடலைவடிவு அதை ஒருநாளும் மீறியதில்லை.

அந்த டிசம்பர் வெள்ளத்தன்று கீழே இருந்த கட்டுகளையெல்லாம் அவள்தான் மாடிக்கு ஏற்றினாள். கடைசிக் கட்டுக்காக நான் திரும்ப அனுப்பினேன். அதற்குள் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டில் ஏறி வந்தாள். ஜன்னலுக்குக் கீழ்ப் படியில் நின்றவளுக்கு இடுப்பளவு தண்ணீர். பின்னால் தெருக்காரர்கள் சிலர்.

“சார், தண்ணி ஏறிட்டே வருது. கதவத் தொறங்க.”

“மொதல்ல கட்டைக் குடு. பைய. நனைச்சிராத.”

கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

“சேலையப் பிழிஞ்சிட்டு வாரேன் சார். உள்ள ஒரு சொட்டு விழாது.”

அந்த வெள்ளத்தில் நின்று முந்தானையைப் பிழிந்தாள். கண்ணாடி வழியே பார்த்தேன். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குத் திறந்துவிட்டு மற்றவர்களுக்கு எப்படி இல்லை என்பது? சொட்டச் சொட்ட ஒரு தெருவே உள்ளே வந்தால் காகிதம் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் படிக்கட்டின் கைப்பிடி பெயர்ந்தது. அதைப் பிடித்து நின்றவர்கள் எல்லோரும் ஆற்றோடு போய்விட்டார்கள். தண்ணீர் ஆவண அறையின் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

எனக்கு மனசே இல்லையா என்கிறீர்கள். துப்புரவுக்கு அடுத்த மாதமே வேறு ஆள் போட்டுவிட்டார்கள் ஐயா. அந்தக் கட்டுகள் போயிருந்தால் எங்கே போய் வாங்குவீர்கள்?

தாழ்ப்பாள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. நாளைக்கே இன்னொரு வெள்ளம் வந்தாலும் திறக்க மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: இந்த ஊரின் வரலாற்றைக் காப்பாற்ற அன்றைக்கு என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை.