ஈரத்தை அடக்கிய அம்மையாருக்கு, ஈரப்பூ கொண்டுவந்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

காற்றைக் கட்டிக் காத்த கண்ணியமே, மழைக்கும் மத்தளத்துக்கும் நடுவே மதிலாய் நின்ற மாண்பே, நாகர்கோவில் வேளிமலை இசையரங்கத்தின் பராமரிப்புப் பொறியாளராய் நெடுங்காலம் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் கோமளவல்லி அம்மையீர்! வணக்கம்.

இந்த வணக்கத்தை உங்கள் முகம் பார்த்துச் சொல்ல எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. பாராட்டைப் பெற வேண்டிய நீங்கள் மேலே இயந்திர அறையில் நிற்கிறீர்கள்; பாராட்ட வேண்டிய நாங்கள் கீழே தலைகுனிந்து நிற்கிறோம். அந்த அறையின் ஒலிபெருக்கி வழியே எங்கள் குரல் உங்களை எட்டும் என்று நம்பி வாசிக்கிறோம். சபையோர் பொறுத்தருள வேண்டும். பொன்னெழுத்தில் அச்சிட்டுச் சட்டமிட்ட மடல் ஒன்று தயாராகத்தான் இருந்தது. அதைப் பூக்களுக்கு நடுவே சாய்த்து வைத்ததில் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, 'ஈரப்பதம் வென்ற எழிலரசியே' என்ற வரிதான் முதலில் கரைந்து போயிற்று. ஆகவே அலுவலகத்துப் பிரிஜா இன்று மதியம் வெறுந்தாளில் எழுதித் தந்ததை வாசிக்கிறோம்.

ஒருபுறம் கடலின் உப்பீரம், மறுபுறம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, இடையில் எப்போது இறங்கும் என்று தெரியாத மழை. இவற்றுக்கு நடுவே ஒரு தம்புராவின் சுருதி நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆள் உறங்காமல் வேண்டும், அந்த ஆளாக நீங்கள் இருந்தீர்கள். கூட்டம் வருமுன்னே அரங்கின் காற்றை உலர்த்தி வைப்பீர்கள். ஆட்களின் மூச்சும் நனைந்த குடைகளும் கொண்டுவரும் ஈரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவீர்கள். குளிருகிறது என்று முன்வரிசையும் புழுங்குகிறது என்று பின்வரிசையும் ஒரே நேரத்தில் சண்டைக்கு வந்தால், "ஏ.சி. உங்களுக்கு இல்ல, அந்த வயலினுக்காக்கும்" என்று ஒரே பதிலில் இரு தரப்பையும் உட்கார வைப்பீர்கள். கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த கச்சேரிக்குத் திரும்பி வந்தார்கள்.

ஈரம் சொட்டும் மாலைகளை அரங்கத்துக்குள் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. வருபவர் எவ்வளவு பெரியவரானாலும் மாலை மரியாதை வாசலோடு சரி. அதனால் உங்களுக்கு வந்த பொல்லாப்பு கொஞ்சமில்லை, நீங்கள் அசையவில்லை.

இத்தனையும் அறிந்த நாங்கள் செய்தது என்ன?

விடைபெறும் விழாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "எனக்குப் பொன்னாட ஒண்ணும் வேண்டாம் மக்கா. ஒரு கச்சேரிய மொதல்லேருந்து கடைசிவர கீழ இருந்து கேக்கணும். அது போதும்" என்றீர்கள். இந்த அரங்கில் பாடாத பாட்டில்லை. நீங்கள் அமர்ந்து முழுதாய்க் கேட்ட கச்சேரி ஒன்றில்லை. பாதியில் எழுந்து மேலே போய் ஈரப்பத மீட்டரைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடிந்ததில்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு நாற்காலி. அதைக் கொடுப்பதோடு நாங்கள் நின்றிருக்கலாம்.

எங்களுக்கு ஆசை அடங்கவில்லை. உங்கள் விழாவுக்கு உங்கள் சட்டம் பொருந்தாது என்று நாங்களே முடிவுகட்டினோம். தோவாளைப் பூச்சந்தைக்கு வண்டி அனுப்பிப் பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாய் இறக்கி, மேடை முழுக்கப் பூப்பந்தல் போட்டோம். வாடிவிடக் கூடாதென்று நேற்று மாலை தண்ணீரும் தெளித்தோம். குளிர்காற்று பட்டால் இதழ் கருகும் என்று பூக்காரர் சொன்னதும், மின்பணியாளர் ரதீஷ் ஏ.சி.யையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் சேர்த்தே அணைத்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. இன்று காலை கதவைத் திறந்தபோது அரங்கமே நனைந்த கோணிபோல் இருந்தது. பதறிப்போய்க் குளிரை ஒரேயடியாய்க் கூட்டினோம். சுவரெல்லாம் வியர்த்து, மேலே குழாய்களிலிருந்து கம்பளத்தில் சொட்டத் தொடங்கியது. ஒத்திகைக்கு வந்த மிருதங்க வித்துவான் ஆறுமுகப்பெருமாள் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "தோலு தொங்கிப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

விருந்தினராய்ப் புதுப் பட்டுடுத்தி வந்த நீங்கள் வாசலிலேயே காற்றை முகர்ந்து நின்றீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தோம், நீங்கள் திட்டவில்லை. "பூவ வெளிய எடுங்க, கம்பளத்தச் சுருட்டுங்க. கதவத் தொறந்து போடாண்டாம், வெளிய மழ. இப்பிடி ஒரேயடியா குளுர வச்சா காத்துல உள்ள தண்ணி எங்க போவும் மக்கா, செவுத்துலயாக்கும் போய் ஒட்டும்" என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினீர்கள். மதியச் சோற்றுக்கும் இறங்கவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது அம்மா, வேறு சொல் தெரியவில்லை.

சற்று முன் ஆள் அனுப்பினோம். "நா இங்கயே நிக்கேன், நீங்க தொடங்குங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் எங்கள் மரியாதை உங்களிடமிருந்து அந்த ஒரே ஆசையையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். அம்மா, நீங்கள் சிவப்புக் கோடிட்ட இடத்துக்கு மீட்டர் இறங்கிவிட்டது. மிருதங்கம் சுருதி சேர்ந்துவிட்டது. ஆனால் வித்துவான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அந்த அம்மா கீழ வந்து இருக்கட்டும். அதுவர நான் கை வைக்கமாட்டேன்" என்கிறார். ரதீஷ் மேலே வருகிறார். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார், எதையும் தொட மாட்டேன் என்று எல்லோர் முன்னும் சொல்லியிருக்கிறார்.

உடலும் செவியும் நலமோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் கூரையின் காற்றுத் துவாரத்தைப் பார்க்காமல் மேடையைப் பார்த்திருக்கும் நிம்மதி உங்களுக்கு வாய்க்க வேண்டும். அந்த நிம்மதி இன்றே தொடங்கட்டும்.

மூன்றாம் வரிசையில் நடு நாற்காலி காலியாக இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறோம். இறங்கி வாருங்கள் அம்மா.

உங்களுக்கான மாலை உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது. கச்சேரி முடிந்து நீங்கள் வெளியே வரும்போது போடுகிறோம்.

இங்ஙனம்,
வெட்கத்தோடும் அன்போடும்,
வேளிமலை இசையரங்கப் பணியாளர்கள்,
நாகர்கோவில்.