முப்பத்து நாலாவது ஆள்

— ஐயோ, மேஜை மேல வைக்காதீங்க! பூட்ஸை மேஜை மேல வெச்சா வீட்டுக்கு ஆகாது.

— மன்னிச்சுக்கோங்கம்மா. கீழ வெச்சுடறேன்.

— இப்படிக் குடுங்க. ஆகாததெல்லாம் ஆகி முடிஞ்சாச்சு, சும்மா வாய்ப்பழக்கம். ஆர்லோவோடதுதானா?

— அவனோடதுதாம்மா. பூட்ஸ் நாக்குல அவன் சட்டை நம்பர் எண்பத்தொண்ணுன்னு மசியில எழுதியிருக்கு பாருங்க. நான் எழுதினது. எங்க விமானத் தளத்துக் கால்பந்து டீமோட சாமான் அறை என் பொறுப்பு. சட்டை, ஹெல்மெட், பூட்ஸ், எல்லாத்துக்கும் நான்தான்.

— அறிமுகமே வேணாம், சார்ஜண்ட் ஓர்வல். கடுதாசிக்குக் கடுதாசி உங்க பேச்சுதான். 'எங்கம்மாவைவிட நல்லாத் துணி தைக்கிறாரு, உன்னைவிட நல்லாக் காப்பி போடறாரு'ன்னு எழுதுவான். இந்தாங்க, என் காப்பியைக் குடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

— ரொம்ப நல்லாருக்கும்மா.

— வாயில வைக்கறதுக்கு முன்னாடியேவா? போங்க சார்ஜண்ட். அவன் செத்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்ப எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?

— தளத்தை மூடறாங்கம்மா. விமானம் ஏறி இறங்கின தரையில கோதுமை போடறதுக்கு இப்பவே குத்தகை பேசறாங்க. சாமானையெல்லாம் திருப்பி ஒப்படைச்சுட்டேன். இதை மட்டும் முடியலை. நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— சொல்லுங்க, சோளம் ஒடிக்கிற ஆளுங்க பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க. ஆமா, இப்படிச் சேத்தோடயேவா வெச்சிருந்தீங்க? கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. கத்தி எடுக்கறேன் இருங்க. சேத்தோட ஒரு பூட்ஸைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது.

— மேல மட்டும் சுரண்டுங்கம்மா. திருப்பிடாதீங்க!

— ஏன், அடியில பாம்பு இருக்கா?

— எங்க டீம்ல ஒரு வழக்கம். பூட்ஸோட அடியை ஆட்டக்காரன் திருப்பிப் பாக்கக் கூடாது. பாத்தா ஆட்டம் போச்சும்பாங்க. அடிப்பக்கம் என் வேலை. என்னை நம்பிக் காலை விட்டுக்கணும், அவ்வளவுதான்.

— அடியில அப்படி என்ன வேலை?

— வழுக்காமத் தரையைக் கவ்வறதுக்கு ஒவ்வொரு பூட்ஸுக்கும் அடியில ஏழு கட்டை. சாவி வெச்சுத் திருகி மாட்டறது. தரை காஞ்சிருந்தா குட்டைக் கட்டை, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மழை பேஞ்சு சேறாயிருந்தா நெட்டைக் கட்டை, பெருவிரல்ல பாதி இருக்கும். காலையில வானத்தைப் பாத்து நான்தான் மாத்துவேன்.

— எங்கப்பா டென்மார்க்லேர்ந்து வந்தவரு. கையில தூக்கிக்கிட்டு ஓடறதுக்குப் பேரு கால்பந்தான்னு சாகற வரைக்கும் சிரிச்சாரு. இதுல இவ்வளவு சங்கதி இருக்கா!

— சிரிப்பா சிரிச்ச காலம்தாம்மா அது. அந்த வருஷம் மூணு காலேஜ் டீமை மண்ணைக் கவ்வ வெச்சோம். எங்க கர்னலுக்குப் போர் நடக்கறதே மறந்துபோச்சு. ஐரோப்பாவுல எவன் எங்க இருக்கான்னு தெரியாது, அடுத்த சனிக்கிழமை எதிராளி யாருன்னு மட்டும் மனப்பாடம். அப்பதான் அக்டோபர்ல மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்துச்சு. காலாட்படைக்கு ஆள் பத்தலை, விமானத் தளத்துல சும்மா இருக்கறவனையெல்லாம் அனுப்புன்னு.

— சும்மா இருக்கறவன்னா, பந்து விளையாடறவன்.

— கர்னல் எப்படியோ பேசி முப்பத்து மூணு பேரைக் காப்பாத்திட்டாரு. வியாழக்கிழமை கோச் எழுதற பட்டியல்ல முப்பத்து மூணு பேரு. முப்பத்து நாலாவது ஆளு வெள்ளிக்கிழமை போர்முனைக்குக் கப்பல் ஏறற பட்டியலுக்குப் போயிடுவான். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதுக்கு ரெண்டு பேரு. ஒண்ணு ஆர்லோ. இன்னொண்ணு க்ளேடன்.

— க்ளேடனா? எனக்கும் ஆர்லோவுக்கும் நடந்த கல்யாணத்துக்கே வந்திருக்கானே. சிரிச்சா ஈறு தெரியும்.

— அவன் என் தங்கச்சி புருஷன்மா.

— ஓ.

— தங்கச்சி அப்ப ஏழு மாசம். 'அண்ணே, எப்படியாவது நிறுத்திடு'ன்னு எழுதியிருந்தா. கோச் ஆர்லோதான்னு முடிவே பண்ணிட்டாரு. வியாழக்கிழமை கடைசியா ஒரு தடவை ரெண்டு பேரையும் பாத்துடறேன்னாரு. விடியக்காலையிலேர்ந்து மழை. மைதானம் உழுத வயல் மாதிரி. நான் எல்லாருக்கும் நெட்டைக் கட்டை மாட்டினேன். எண்பத்தொண்ணுக்கு மட்டும்...

— மட்டும்?

— குட்டையை மாட்டினேம்மா.

— கத்தியை வாங்கி அந்தப் பக்கம் வைங்க. என் கையில வேணாம்.

— வெச்சுட்டேன். மூணு பந்து எறிஞ்சாங்கம்மா. மூணுக்கும் வழுக்கினான். பக்கத்துல ஒரு ஆள் கிடையாது, தானா விழுந்தான். க்ளேடன் மூணையும் புடிச்சான். கோச் பட்டியல்ல ஆர்லோ பேர் மேல ஒரு கோடு போட்டாரு. ஆர்லோ நேரா வந்து பூட்ஸைக் கழட்டி என் கையில குடுத்துட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் விடலைம்மா.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. காலையில கட்டை மாட்டிட்டு ஆணியில தொங்கவிட்ட திருகுசாவி வேற காணோம். தேடினா ஆர்லோவோட அலமாரிக்கு அடியில கெடக்குது. பதட்டத்துல நானே போட்டிருக்கேன். பூட்ஸைப் பேப்பர்ல சுத்தி உள்ள வெச்சவன்தான், இன்னிக்குத்தான் பிரிச்சேன். அடியைப் பாக்கற தைரியம் எனக்கு இல்லை.

— என் வாசல் வரைக்கும் கொண்டுவரத் தைரியம் இருந்துச்சாக்கும்.

— அந்த அறையில இருக்க முடியலைம்மா. சிமென்ட் தரை. கட்டை வெச்ச பூட்ஸோட ஆட்டக்காரங்க மைதானத்துக்குப் போறப்ப டக்டக்டக்னு சத்தம் வரும். முப்பத்து மூணு பேரும் வெளிய போயிடுவாங்க, நான் கதவைச் சாத்துவேன். உள்ள இன்னும் ஒருத்தன் நடப்பான். பட்டப்பகல்ல! ஆர்லோ இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பானே, அந்த நடை. டீமைக் கலைச்சப்புறமும் நிக்கலை. பாதிரியார்கிட்ட சொன்னேன், எலின்னாரு.

— ஜனவரியில பெல்ஜியத்துப் பனியில கெடந்தான். எடுக்கறதுக்கே நாலு நாள் ஆச்சாம்.

— தெரியும்மா. அடிங்க. போலீஸுக்குச் சொல்லுங்க. கர்னலுக்கு எழுதுங்க. எதுன்னாலும் சரி.

— க்ளேடனுக்குத் தெரியுமா?

— தெரியாது. பொண்ணு பொறந்துச்சு. இப்ப ஓடுது.

— என்ன பேரு?

— ரூபி.

— ம். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குச் சொல்ல வராது. முதல்ல நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதைம்மா?

— கட்டையை மாத்தினது நான்தான்னு. அதனாலதான் வழுக்கினான்னு.

— கட்டையை மாத்தினது நான்தான். அதனாலதான் வழுக்கினான்.

— கடவுளே. கடவுளே.

— அழாதீங்கம்மா.

— அழலை சார்ஜண்ட். இது அழுகை இல்லை. ரெண்டு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? நான்தான் அவனைக் கொன்னேன்னு.

— நீங்களா?

— என் தம்பி ஐனார் இத்தாலியில செத்துட்டான்னு செப்டம்பர்ல தந்தி வந்துச்சு. அம்மா படுத்த படுக்கை. அக்டோபர்ல பாத்தா பத்திரிகையில ஆர்லோ படம், பந்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஈன்னு இளிக்கறான். கடையில, சர்ச்சுல, ஒருத்தி பாக்கியில்லாம என்கிட்ட காட்டினாங்க. ஆத்திரத்துல எழுதிப்புட்டேன். 'என் தம்பி மண்ணுக்குள்ள போயிட்டான், நீ பந்தைக் கட்டிக்கிட்டு ஓடு. உன் பேரைச் சொல்லி ஊருக்குள்ள என்னால தலைகாட்ட முடியலை. இனி எனக்குக் கடுதாசி போடாதே'ன்னு.

— எப்ப எழுதினீங்கம்மா?

— திங்கக்கிழமை போட்டேன். புதன்கிழமை கைக்குப் போயிருக்கும். நீங்க சொல்ற வியாழக்கிழமைக்கு முந்தின நாள்.

— புதன்கிழமை.

— ஆமா. அதுக்கப்புறம் ஒரே ஒரு கடுதாசி. 'சேத்துல வழுக்கிட்டேன் டாக்மர், டீம்ல கழிச்சுட்டாங்க, கப்பல் ஏறப்போறேன்.' என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் நம்பலை. அவனை மூக்கு ஒழுகற காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும். ரெண்டு கையிலயும் பால் கேனைத் தூக்கிக்கிட்டு உறைஞ்ச ஏரி மேல ஓடறவன், மூணு தடவை வழுக்குவானா? வேணும்னு விழுந்திருக்கான், என் பேச்சுக்காகத்தான் போனான்னு நினைச்சேன். சோறு இறங்கலை. அவங்கம்மா முகத்தைப் பாக்க முடியலை. இப்பப் பாருங்க, நெசமாவே வழுக்கியிருக்கான்!

— ஆமாம்மா.

— உங்களை என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலை. செருப்பால அடிக்கணும்னும் இருக்கு, கையெடுத்துக் கும்பிடணும்னும் இருக்கு. கத்தியைக் குடுங்க.

— எதுக்கும்மா?

— நான் உங்க டீம்ல ஆடலையே, அடியைப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் குட்டைக் கட்டையை என் கண்ணால பாக்கணும். ஒண்ணே ஒண்ணைக் கழட்டி வெச்சுக்கப்போறேன். இனி அந்தக் கடுதாசி நினைப்பு வந்தா எடுத்துப் பாத்துக்குவேன்.

— வேணாம்மா, அந்த வழக்கம்...

— வழக்கமாவது மண்ணாவது. யப்பா, எவ்வளவு சேறு! பேந்து வருது பாருங்க, அப்படியே அச்சு மாதிரி. இந்தா, ஒண்ணு தெரியுது... சார்ஜண்ட்?

— ம்.

— சுண்டுவிரல் நகம் அளவுன்னீங்க. இது என் பெருவிரல்ல பாதி இருக்கே.

— ஒண்ணை மட்டும் பாத்துச் சொல்லாதீங்கம்மா. எல்லாத்தையும் சுரண்டுங்க.

— சுரண்டிட்டேன். ஏழும் ஒரே அளவு. அந்தப் பூட்ஸும் இப்படித்தான். என்ன, சாவி, அலமாரின்னு உங்களுக்குள்ளயே முணுமுணுக்கறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க. அன்னிக்கு நீங்க மாட்டினது இதுதானா? இதுதானே குட்டை?

— இதுதாம்மா குட்டை. இந்தக் கையால மாட்டினேன், எனக்குத் தெரியாதா? நகம் அளவுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

— அப்ப நெட்டைக் கட்டை எப்படி இருக்கும்?

— அது இதைவிட நீளம்மா. ரொம்ப ரொம்ப நீளம்.